நிலுவையில் ஒன்றுமில்லை

கம்பெனி ஜீப் பள்ளிக்கூட வாசலில் வந்து நின்றபோது யூனிஸ் மூன்றாம் வகுப்புக்கு வாய்ப்பாடு நடத்திக்கொண்டிருந்தாள். வந்தவர் பர்சனல் டிபார்ட்மென்ட்காரர். தலைமையாசிரியை அறையில் அவளை உட்காரவைத்து, கையில் ஒரு தம்ளர் தண்ணீரையும் கொடுத்துவிட்டு, "ஒண்ணும் பயப்படாதீங்க மேடம்" என்று ஆரம்பித்தார். அப்படி ஆரம்பிக்கிறவர்கள் எங்கே போய் முடிப்பார்கள் என்று யாருக்குத்தான் தெரியாது? யூனிஸ் தம்ளரை மேஜைமேல் வைத்தாள்.

"உயிரோட இருக்காகளா, இல்லையா? அதை முதல்ல சொல்லுங்க."

அவள் கணவன் ஐசக் உயிரோடுதான் இருந்தான். கடல் தாண்டி, போலீஸ் லாக்கப்பில் இருந்தான்.

அது 1980. ஹைதராபாத்தில் அப்போது எந்தத் திசையில் பஸ் ஏறினாலும் ஏதாவது ஒரு பொதுத்துறைத் தொழிற்சாலையின் வாசலில்தான் போய் இறங்க வேண்டும். ஐசக் வேலை பார்த்த கம்பெனி மின் நிலையங்கள் கட்டும் கம்பெனி. வட ஆப்பிரிக்காவில், பிரெஞ்சுக்காரன் நெடுங்காலம் ஆண்டுவிட்டுப் போன ஓர் அரபு நாட்டில் அதற்கு ஒப்பந்தம் கிடைத்தது. கனத்த இரும்பைக் கிரேனில் தூக்கி நிறுத்தும் குழுவுக்கு ஃபோர்மேனாக ஐசக் போனான். ஒருநாள் காற்று சுழற்றிச் சுழற்றி அடித்தது. ஐசக் இன்றைக்கு வேண்டாம் என்றான். சைட் பொறுப்பிலிருந்த சீஃப் இன்ஜினீயர் ராமசுவாமி, வேலை பின்தங்கிக் கிடக்கிறது, தூக்கு என்றார். பாதி உயரத்தில் இரும்புத் தூண் ஊசலாடிற்று. கட்டியிருந்த கம்பிவடம் அறுந்தது. கீழே நின்ற உள்ளூர்த் தொழிலாளிகள் இருவர் அந்த இடத்திலேயே செத்தார்கள். கையசைத்து சைகை கொடுத்தவன் ஐசக் என்பதால் போலீஸ் அவனைத்தான் பிடித்தது. ராமசுவாமி அந்த வாரமே விமானமேறி ஊர் வந்து சேர்ந்துவிட்டார்.

ஐசக்கின் கடிதம் கைக்கு வந்த மறுநாளே யூனிஸ் கம்பெனியின் தலைமை அலுவலகத்துக்குப் போனாள். அயல்நாட்டுப் பிரிவின் பொறுப்பாளர் வரதராஜன் செகந்திராபாத்திலேயே பிறந்து வளர்ந்த தமிழர். தமிழில் பேசினார். அது முதலில் ஆறுதலாகத்தான் இருந்தது.

"பாருங்கம்மா, இது ரொம்ப டெலிகேட்டான விஷயம். கேஸ் கோர்ட்ல இருக்கு. ரெண்டு நாட்டுக்கும் நடுவுல நல்ல உறவு இருக்கு. நாம அவசரப்பட்டு எதையாவது கேட்டோம்னா அது ஐசக்குக்கே பாதகமா போய் முடியும்."

"தூக்கச் சொன்னது ராமசுவாமி சார்னு அவுக எழுதியிருக்காகளே?"

"அதெல்லாம் கோர்ட் பாத்துக்கும்."

"அப்ப நீங்க என்ன பாப்பீங்க?"

வரதராஜன் சிரித்தார். குழந்தையிடம் சிரிக்கிற சிரிப்பு. "இன்டர்நேஷனல் ரிலேஷன்ஸ்னு ஒண்ணு இருக்கும்மா. சொன்னா உங்களுக்குப் புரியாது. பொறுமையா இருங்க."

பொறுமையாகத்தான் இருந்தாள். சில மாதத்தில் ஐசக்கை லாக்கப்பிலிருந்து விட்டார்கள். ஆனால் பாஸ்போர்ட் கோர்ட்டில். ஊரைவிட்டு நகரக் கூடாது. வாரந்தோறும் போலீஸ் நிலையத்தில் போய்க் கையெழுத்துப் போட வேண்டும். ஒருநாள் வரதராஜன் அறையில், கோர்ட்டிலிருந்து வந்த காகிதம் ஒன்று மேஜைமேல் கிடப்பதைப் பார்த்தாள். ஒரு பக்கம் அரபி, மறுபக்கம் பிரெஞ்சு. என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டாள். டெல்லிக்கு அனுப்பி மொழிபெயர்க்க வேண்டும், அனுப்பவில்லை இன்னும் என்றார் அவர். எத்தனை நாளாக இங்கே கிடக்கிறது என்று கேட்டாள். காகிதத்தின் மேல் தேநீர்க் கோப்பையின் வட்டம் காய்ந்துபோயிருந்தது.

அந்த வட்டத்தைப் பார்த்ததும் அவளுக்கு உச்சந்தலை வரை சுரீரென்றது. ஜூன் மாதம் கல்லூரி விண்ணப்பங்கள் வந்ததும், பி.ஏ. சரித்திரம் படித்திருந்த யூனிஸ், பல்கலைக்கழகத்தில் எம்.ஏ. அரசியல் விஞ்ஞானத்துக்கு எழுதிப் போட்டாள். சிறப்புப் பாடம், சர்வதேச உறவுகள். மாலை வகுப்பு. கூடவே டிப்ளமோ இரண்டு: அரபி, பிரெஞ்சு.

அவள் அண்ணன் எபனேசர் லாலாகூடா ரயில்வே பணிமனையில் ஃபிட்டர். பாளையங்கோட்டைப் பக்கத்துக் குடும்பம். தாத்தா காலத்தில் ரயில் வேலைக்கு வந்தவர்கள். மூன்று தலைமுறை ஆகியும் வீட்டுக்குள் திருநெல்வேலித் தமிழ் மாறவில்லை. எபனேசர் விஷயம் கேள்விப்பட்டு வேலை உடுப்போடே ஓடிவந்தார்.

"ஏட்டி, உனக்கென்ன கிறுக்கா புடிச்சிருக்கு? சின்னப்புள்ளைய வச்சுக்கிட்டு, வேலைக்கும் போயிக்கிட்டு, இந்த வயசுல அரபி படிக்கப் போறியா? கர்த்தர் பாத்துக்கிடுவாருட்டி. ஜெபம் பண்ணு."

"பண்ணுதேன். கர்த்தருக்கு அரபி தெரியும்ணே. அந்தக் கம்பெனியில ஒருத்தனுக்கும் தெரியலை. அதுக்குத்தான் படிக்கேன்."

சபைப் பெண்கள் ஐக்கியத்தில் அவளுக்காக வாரம் தவறாமல் ஜெபித்தவர்களே, அரபி என்றதும் முகத்தைச் சுளித்தார்கள். மதம் மாறப் போகிறாளோ என்று ஒருத்தி கேட்டாள். புருஷன் ஊரில் இல்லாதவளுக்கு மாலை வகுப்பு எதற்கு என்று இன்னொருத்தி கேட்டாள், இவள் காதில் விழும்படியாகவே. இரண்டாவதற்கு யூனிஸ் அங்கேயே திரும்பி நின்று பதில் சொன்னாள். என்ன சொன்னாள் என்பதை யாரும் பிறகு வெளியே சொல்லவில்லை. ஆனால் அப்புறம் அப்படி யாரும் கேட்கவுமில்லை.

அரபி வகுப்பில் அவளைத் தவிர எல்லாரும் வளைகுடாவுக்குப் போகத் துடித்த பையன்கள். ஆசிரியை சாபிரா பேகம் பழைய நகரத்துக்காரர். கறுப்புப் பர்தாவை நாற்காலியின் முதுகில் மடித்துப் போட்டுவிட்டுத்தான் பாடம் தொடங்குவார். முதல் நாள் வருகைப் பதிவில் யூனிஸின் பெயரை வாசித்துவிட்டு நிமிர்ந்தார்.

"ஆப் கூ அரபி கைக்கு?" உங்களுக்கு எதற்கு அரபி?

"ஒரு ஆளைத் திருப்பிக் கேட்கணும்" என்றாள் யூனிஸ் அதே தக்கணி உருதுவில்.

சாபிரா பேகம் மேற்கொண்டு கேட்கவில்லை, இரக்கப்படவுமில்லை. அடித்தொண்டையிலிருந்து வர வேண்டிய 'அய்ன்' என்ற எழுத்து யூனிஸுக்கு வராதபோது, வரும்வரை நிற்கவைத்தார். பையன்கள் சிரித்தார்கள். தமிழில் இல்லாத அந்த ஒலியை அவள் கழுத்து நரம்பு புடைக்கச் சொல்லிச் சொல்லிப் பழகினாள். பஸ்ஸில் வாய்க்குள் சொல்லிக்கொண்டு வந்தாள். மகள் ஹில்டாவுக்கு அப்போது ஒன்பது வயது. அம்மா அடுப்படியில் நின்று பிரெஞ்சு வினைச்சொற்களை ஒப்பிக்கும்போது காதைப் பொத்திக்கொள்வாள்.

"நக்கோ மம்மி, நக்கோ! வேண்டாம், தலைவலிக்குது."

"உங்கப்பா வேணுமா, வேண்டாமா?"

"ஹவ், வேணும்."

"அப்ப காதைப் பொத்திக்கிட்டே சாப்பிடு."

இப்படிச் சொல்லிவிட்டுப் பிறகு தன்மேலேயே எரிச்சல்படுவாள். ஆனாலும் மறுநாள் அதேதான் நடக்கும்.

மொழிகள் கடினம் என்றாலும் அவை அவளை ஏமாற்றவில்லை. ஏமாற்றியது சர்வதேச உறவுகள்தான். பேராசிரியர் கிஷன் ராவ் நன்றாகப் பாடம் நடத்துவார். வல்லரசுகள், அணிசேராமை, எண்ணெய் விலை, தேசிய நலன் என்று கரும்பலகை நிறைய எழுதுவார். யூனிஸ் முதல் பெஞ்சில் உட்கார்ந்து ஒரு சொல் விடாமல் எழுதினாள். எந்தப் பாடத்திலாவது தன் வீட்டுக்காரனுக்கு ஒரு வழி வரும் என்று காத்திருந்தாள். ஒரு வருஷமாகியும் வரவில்லை. ஒருநாள் எழுந்து நின்றாள்.

"சார், ஒரு நாட்டோட பிரஜை இன்னொரு நாட்டுல மாட்டிக்கிட்டான். தப்பு அவனோடது இல்லை. அப்ப தேசிய நலன் என்ன செய்யும்?"

"அது தூதரகத்தின் வேலை, மேடம். கான்சுலர் விவகாரம். நம் பாடம் அரசுகளைப் பற்றியது. தனி ஆட்களைப் பற்றியது அல்ல."

"அரசுங்கிறது ஆளுங்க இல்லாம இருக்கா சார்?"

வகுப்பு சிரித்தது. கிஷன் ராவும் சிரித்தார். வரதராஜன் சிரித்த அதே சிரிப்பு என்று அவளுக்குப் பட்டது. புத்தகத்தை மூடிக்கொண்டு வெளியே வந்து, அந்தப் பெரிய கல் கட்டடத்தின் படியில் உட்கார்ந்து மூச்சு வாங்கினாள். அழுகை வரவில்லை. இந்தப் பாடத்தை இனி இவர்களுக்காகப் படிக்கப் போவதில்லை, இவர்கள் எங்கெங்கே பொய் சொல்கிறார்கள் என்று கண்டுபிடிக்கத்தான் படிக்கப் போகிறேன் என்று நினைத்துக்கொண்டாள். மறுநாள் பழையபடி முதல் பெஞ்சில் உட்கார்ந்தாள். கிஷன் ராவ் பிறகு அவளைக் கேள்வி கேட்கவே பயந்தார் என்று பையன்கள் சொல்லிக்கொண்டார்கள்.

இரண்டாம் வருஷம் குளிர்காலத்தில், அந்த நாட்டிலிருந்தே ஒரு தூதுக்குழு ஹைதராபாத் வந்தது. மின் நிலையத்தின் இரண்டாம் கட்டத்தையும் இதே கம்பெனிக்குக் கொடுப்பது பற்றிப் பேச வந்தவர்கள். டெல்லியிலிருந்து வரவேண்டிய மொழிபெயர்ப்பாளர் காய்ச்சலில் படுத்துவிட்டார். பிரெஞ்சும் அரபியும் இரண்டும் தெரிந்த ஒருவர் உடனே வேண்டும் என்று கம்பெனியிலிருந்து பல்கலைக்கழகத்துக்கு போன் வந்தது. பிரெஞ்சு விரிவுரையாளர் ஜகதீசன் பாண்டிச்சேரிக்காரர், நல்ல மனிதர். "எங்க ஸ்டூடன்ட் ஒருத்தங்க இருக்காங்க, மிஸஸ் யூனிஸ்" என்று சொல்லிவிட்டார். அந்தக் கம்பெனிக்கும் இவளுக்கும் என்ன சம்பந்தம் என்று அவருக்குத் தெரியாது. யூனிஸ் சொல்லவுமில்லை.

கூட்ட அறைக்குள் அவள் நுழைந்ததும் வரதராஜன் நாற்காலியிலிருந்து பாதி எழுந்துவிட்டார். விருந்தினர்கள் ஏற்கெனவே உட்கார்ந்திருந்தார்கள். ஒன்றும் செய்ய முடியவில்லை. பக்கத்தில் வந்து, உதட்டில் சிரிப்பை வைத்துக்கொண்டே, தமிழில் முணுமுணுத்தார்.

"அம்மா, கையெடுத்துக் கும்பிடறேன். இன்னிக்கு ஒரு நாள் ஒண்ணும் பேசிடாதீங்க."

"மொழிபெயர்க்கக் கூப்பிட்டிருக்கீங்க. மொழிபெயர்க்கேன்."

தூதுக்குழுத் தலைவர் நரைத்த மீசைக்காரர், அங்கே மின்வாரியத்தில் பெரிய அதிகாரி. தேசமொழி என்ற கொள்கைக்காக முதலில் அரபியில் பேசினார், ஏட்டு அரபி. யூனிஸுக்கு அது சாபிரா பேகத்தின் வகுப்பறை மாதிரியே இருந்தது. தடங்கலில்லாமல் இங்கிலீஷில் சொன்னாள். இயந்திரப் பேச்சு வந்ததும் அவர் பிரெஞ்சுக்கு மாறினார். சில பாகங்களின் பெயர் தெரியாமல் திணறினாள், கேட்டுக் கேட்டுச் சொன்னாள். தங்களுக்குள் அவர்கள் பேசிக்கொண்ட தெரு அரபியில் அவளுக்கு ஒரு சொல்லும் பிடிபடவில்லை. அது அவளுக்குப் பெரிய அடி. இத்தனை நாள் படித்தும் இவர்கள் வீட்டில் பேசுவது தெரியவில்லையே என்று உள்ளுக்குள் கொதித்தாள்.

மேஜையின் அந்தப் பக்கம் மூன்றாவது நாற்காலியில் ராமசுவாமி உட்கார்ந்திருந்தார். உத்தியோக உயர்வு பெற்றிருந்தார். அவளை ஒருதரம்கூட நிமிர்ந்து பார்க்கவில்லை.

பகல் உணவு நெருங்கும்போது கம்பெனி சேர்மன் எழுந்தார். எழுதி வைத்திருந்த உரையை இங்கிலீஷில் வாசித்தார். நட்பு, நல்லுறவு, வளரும் நாடுகளின் தோளோடு தோள் என்றெல்லாம் வந்தது. யூனிஸ் ஒவ்வொன்றையும் பிரெஞ்சில் சொல்லிக்கொண்டே வந்தாள். கடைசியில் அவர் சொன்னார்:

"முதல் கட்டம் நிறைவாக முடிந்தது. நம் இரு நிறுவனங்களுக்கும் இடையே நிலுவையில் ஒன்றுமில்லை என்பதை மகிழ்ச்சியுடன் தெரிவிக்கிறேன்."

யூனிஸ் வாயைத் திறந்தாள். மூடினாள்.

"சார், இந்த வாக்கியத்தை நான் சொல்ல மாட்டேன்" என்றாள் இங்கிலீஷில். "இது பொய்."

சேர்மனின் கையில் காகிதம் அப்படியே நின்றது. வரதராஜன் "மேடம்!" என்றார். தூதுக்குழுத் தலைவர் பிரெஞ்சில் கேட்டார்: "என்ன சொன்னார்?"

இந்தக் கேள்விக்கான பதிலைத்தான் அவள் பஸ்ஸிலும் அடுப்படியிலும் அரபியில் ஒத்திகை பார்த்து வைத்திருந்தாள். அழகான, இலக்கணச் சுத்தமான நான்கு வாக்கியங்கள். கோபத்தில் அரபி நாக்கைவிட்டு ஓடிப்போயிற்று. மிச்சமிருந்த பிரெஞ்சில், ஆண்பால் பெண்பால் குழம்ப, கொட்டித் தீர்த்தாள்.

"நிலுவையில் ஒன்றுமில்லை என்கிறார். என் கணவர் நிலுவையில் இருக்கிறார். உங்கள் ஊரில், பாஸ்போர்ட் இல்லாமல். அன்றைக்குக் காற்றில் தூக்கச் சொன்னவர் இதோ, மூன்றாவது நாற்காலியில் இருக்கிறார். தூக்க வேண்டாம் என்றவர் அங்கே இருக்கிறார். உங்கள் நீதிமன்றத்துக்கு இது தெரியாது. ஏனென்றால் இவர்கள் சொல்லவே இல்லை. இது தெரியாமல் அடுத்த ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடாதீர்கள்!"

ராமசுவாமிக்குப் பிரெஞ்சு தெரியாது. ஆனாலும் அவள் விரல் நீண்ட இடம் தெரிந்தது. அவர் முகம் வெளுத்தது.

தூதுக்குழுத் தலைவர் அவள் பக்கம் திரும்பினார். பிறகு அரபியில், குழந்தைக்குச் சொல்வதுபோல ஒவ்வொரு சொல்லாக நிறுத்திப் பேசினார்; அவளுக்குப் புரிய வேண்டும் என்று.

"மாத ரஜுலான்."

அரபியில் ஒன்றுக்கும் பலவற்றுக்கும் நடுவே, இரண்டுக்கென்றே தனி வடிவம் உண்டு. இரண்டு புத்தகங்கள், இரண்டு கதவுகள் என்று அதைப் படித்திருந்தாள். இப்போது காதில் விழுந்தது: இரண்டு மனிதர்கள் செத்தார்கள்.

"நீங்கள் உங்கள் ஆளைக் கேட்கிறீர்கள். கேட்க வேண்டியதுதான்" என்றார் அவர். அவர் குரலிலும் கோபம் இருந்தது, அடக்கிய கோபம். "அந்த இருவரின் பெயர் என்ன, அம்மா?"

யூனிஸுக்குத் தெரியவில்லை.

அவர் சேர்மன் பக்கம் திரும்பி இங்கிலீஷிலேயே கேட்டார். அவருக்கு இங்கிலீஷ் தெரியும் என்பதே அப்போதுதான் எல்லாருக்கும் தெரிந்தது. "பெயர்கள்?" சேர்மன் வரதராஜனைப் பார்த்தார். வரதராஜன் ராமசுவாமியைப் பார்த்தார். ராமசுவாமி மேஜையைப் பார்த்தார். அங்கே நேரில் நின்று வேலை வாங்கிய மனிதர். அவருக்கும் தெரியவில்லை.

தலைவர் ஃபைலை மூடினார். அன்றைக்குக் கையெழுத்து இல்லை என்றார். சாப்பிடாமலே எழுந்து போனார்கள்.

வராந்தாவில் வரதராஜன் அவளைப் பிடித்துக்கொண்டார். சிரிப்பெல்லாம் போய்விட்டிருந்தது.

"உங்க புருஷனை நீங்களே கொன்னுட்டீங்க. தெரியுதா? இனிமே அவரை யாரும் காப்பாத்த முடியாது."

"இத்தனை வருஷம் செத்தவுக பேருகூடத் தெரியாம என்ன சார் காப்பாத்தினீங்க?"

கேட்டுவிட்டாள். கேட்ட கேள்வி தன்மேலேயே வந்து விழுந்தது. இத்தனை வருஷம் நீ என்ன செய்தாய்? ஒரு கடிதத்திலாவது கேட்டாயா? எல்லா வகுப்பிலும் எழுந்து நின்று கேள்வி கேட்டவள், இந்த ஒரு கேள்வியைக் கேட்கவில்லையே. லாலாகூடா பஸ்ஸில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றபோது, வரதராஜன்மேல் இருந்ததைவிடப் பெரிய கோபம் தன்மேலேயே இருந்தது.

ஜகதீசன் மறுநாள் அவளைக் கூப்பிட்டனுப்பினார். அவருக்கும் கோபம். "மொழிபெயர்க்கறவங்க தன் பேச்சைப் பேசக் கூடாது மேடம். அது இந்தத் தொழிலோட தர்மம். இனிமே நம்ம பசங்க யாரையும் எந்தக் கம்பெனியும் கூப்பிடாது. மன்னிப்புக் கேட்டு ரெண்டு வரி எழுதிக் கொடுங்க."

"உங்களுக்குச் சொல்லாம போனதுக்கு உங்ககிட்ட மன்னிப்புக் கேக்குதேன் சார். அவங்ககிட்ட கேக்க மாட்டேன்."

அவர் வற்புறுத்தவில்லை. ஆனால் அந்த வருஷம் முழுக்க அவளோடு முகம்கொடுத்துப் பேசவுமில்லை.

அன்று மாலையே ஐசக்குக்கு எழுதினாள். செத்தவர்கள் யார், எந்த ஊர், வீட்டில் யார் இருக்கிறார்கள். பதில் வந்தது. லக்தர் ஒருவன், மெஸ்ஊத் இன்னொருவன். மைத்துனன்மார். ஐசக் வெள்ளிக்கிழமைதோறும் லக்தரின் வீட்டுக்குப் போய்வந்துகொண்டிருந்தானாம். முதல் தரம் லக்தரின் தாய் கதவைச் சாத்தினாள், இரண்டாம் தரம் கல்லெடுத்தாள், இப்போது காபி கொடுக்கிறாள். கூரைக்கு ஓடு மாற்றிக் கொடுத்திருக்கிறான். "உனக்குக் கோவம் வரும்னு எழுதல" என்றிருந்தது. அந்த இரண்டு வீட்டுக்கும் கம்பெனி இதுவரை நஷ்டஈடாக எதுவும் கொடுக்கவில்லை, அது தீராமல் வழக்கு தீராது என்றும் எழுதியிருந்தான்.

அவளுக்குக் கோபம் வரத்தான் செய்தது. முதலில் இதை ஒளித்த ஐசக்மேல். அடுத்து, கொடுத்தால் தப்பை ஒப்புக்கொண்டதாக ஆகிவிடும் என்று கொடுக்காமல் உட்கார்ந்திருந்த கம்பெனிமேல்.

அன்றிலிருந்து 'என் கணவரை விடு' என்று எழுதுவதை நிறுத்தினாள். 'லக்தர் வீட்டுக்கும் மெஸ்ஊத் வீட்டுக்கும் சேர வேண்டியதைச் சேர்' என்று எழுதினாள். சேர்மனுக்கு இங்கிலீஷில், அந்த மின்வாரியத்துக்குப் பிரெஞ்சில், அங்கேயுள்ள பத்திரிகைக்கு அரபியில். அரபிக் கடிதத்தைச் சாபிரா பேகத்திடம் காட்டினாள். அவர் சிவப்பு மையால் அடித்துத் தள்ளிவிட்டார்.

"கோபம் சரி. இலக்கணம் சரியில்லை. திரும்ப எழுது" என்றார். மூன்று தரம் எழுதவைத்தார்.

இரண்டாம் கட்ட ஒப்பந்தம் தொங்கிக்கொண்டிருந்தது. கம்பெனிக்கு வேறு வழியில்லாமல் போயிற்று. வருஷக்கணக்கில் முடியாது என்று சொல்லப்பட்டது சில மாதத்தில் நடந்தது. நஷ்டஈடு இரண்டு வீட்டுக்கும் போய்ச் சேர்ந்தது. வீட்டார் வழக்கை முடித்துக்கொள்ளச் சம்மதித்துக் கையெழுத்துப் போட்டார்கள். இதற்கிடையே யூனிஸ் எம்.ஏ. பரீட்சை எழுதி இரண்டாம் வகுப்பில் தேறினாள். சர்வதேச உறவுகளில்தான் மார்க் குறைவு. மறுமதிப்பீடு கேட்டுச் சண்டை பிடித்தாள். அதே மார்க்தான் வந்தது.

1984-ல் ஐசக் பம்பாய் வழியாக ரயிலில் செகந்திராபாத் வந்து இறங்கினான். மெலிந்து, கறுத்து, முன்தலை வழுக்கையாகி. ஹில்டா அவனை அடையாளம் தெரியாமல் அம்மாவின் புடவையைப் பிடித்துக்கொண்டாள். கம்பெனியிலிருந்து மாலையும் போட்டோக்காரரும் வந்திருந்தார்கள். வரதராஜனும் வந்திருந்தார். அவர் தன் கையாலேயே ஐசக்குக்கு மாலை போட்டுவிட்டு யூனிஸ் பக்கம் திரும்பினார்.

"நான் அன்னிக்கே சொன்னேனில்லையாம்மா, பொறுமையா இருந்தா எல்லாம் நடக்கும்னு?"

யூனிஸ் ஐசக்கின் கழுத்திலிருந்து மாலையைக் கழற்றினாள். அவர் கையிலேயே திரும்பக் கொடுத்தாள். போட்டோக்காரர் காமிராவை இறக்கிக்கொண்டார். எபனேசர் மட்டும் பின்னாலிருந்து, "ஏட்டி, போதும்ட்டி" என்றார்.

போதவில்லை. திங்கட்கிழமை காலையில் ஐசக் ஷூவுக்குப் பாலீஷ் போடுவதைப் பார்த்தாள்.

"எங்க போறீக அத்தான்?"

"வேலைக்கு. சனத்நகர் ஸ்டோர்ல போட்டிருக்காக."

"அதே கம்பெனிக்கா? உங்களை அங்கன விட்டுட்டு வந்தவன் கையில சம்பளம் வாங்கப் போறீகளா? வெக்கமாயில்ல?"

ஐசக் பிரஷ்ஷைக் கீழே வைத்தான். அவளுக்குத் தெரிந்த ஐசக் குரல் உயர்த்தாதவன். இப்போது எழுந்து நின்று கத்தினான். அரபியில் கத்தினான். கோபப்பட அவன் பழகிய மொழி அதுதான் போலிருக்கிறது. சந்தையிலும் போலீஸ் நிலையத்திலும் பழகிய அரபி. யூனிஸுக்கு ஒரு வார்த்தைகூட விளங்கவில்லை. அவளும் அரபியில் பதிலுக்குக் கத்தினாள், வேற்றுமை உருபு தவறாமல். அவனுக்கு அது விளங்கவில்லை. இரண்டுபேரும் ஒரே மொழியில் ஒருவருக்கொருவர் புரியாமல் கத்திக்கொண்டு நின்றார்கள். ஹில்டா உள்ளிருந்து வந்து, "கைக்கு லட்ரே? எதுக்குச் சண்டை போடுறீங்க?" என்றாள்.

ஐசக் உட்கார்ந்தான். தமிழுக்கு வந்தான்.

"நீ சண்டை போட்டதுனாலதான் நான் வந்தேன். எனக்குத் தெரியும். ஆனா எனக்குச் சண்டை போட்டு அலுத்துப்போச்சு யூனிஸ். இரும்பைத் தூக்கி நிறுத்த மாட்டேன்னுட்டேன். ஸ்டோர்ல நட்டு போல்ட்டு எடுத்துக் குடுப்பேன். என்னை விடு."

அவள் விட்டாள். ஆனால் ஒப்புக்கொள்ளவில்லை. டிபன் டப்பாவைக் கட்டிக் கையில் கொடுத்தாள், வாசல்வரை போகவில்லை.

யூனிஸ் பள்ளிக்கூட வேலையிலேயே இருந்தாள். பல்கலைக்கழகத்தில் வேலைக்கு விண்ணப்பித்தாள், கிடைக்கவில்லை. ஆனால் அவளுடைய அரபியும் பிரெஞ்சும் அந்தக் கூட்ட அறையில் பேசியதோடு முடிந்துபோகவில்லை. சாபிரா பேகம் பழைய நகரத்திலிருந்து பெண்களை அனுப்பிக்கொண்டே இருந்தார். வளைகுடாவில் புருஷனோ மகனோ மாட்டிக்கொண்ட பெண்கள். அவர்களோடு அலுவலகம் அலுவலகமாகப் போனாள், கத்தினாள், எழுதினாள். பாதி வேலை நடக்கவில்லை. நடந்த பாதிக்கு யாரும் அவளை அழைத்து மாலை போடவில்லை. போட்டிருந்தால் வாங்கியிருக்கவும் மாட்டாள்.

1990-ல் ஐசக் ஓய்வுபெற்றான். கம்பெனியில் பாராட்டுக் கூட்டம், குடும்பத்தோடு வரவேண்டும் என்று அழைப்பு வந்தது. ஹில்டா போனாள், எபனேசர் போனார். யூனிஸ் அன்றைக்குப் பாஸ்போர்ட் அலுவலகத்தில், கைக்குழந்தையோடு வந்த ஒரு சின்னப் பெண்ணுக்காக, 'நாளைக்கு வாருங்கள்' என்று சொன்ன குமாஸ்தாவின் மேஜைமுன் நின்று, நகர மாட்டேன் என்று சொல்லிக்கொண்டிருந்தாள்.